அத்தியாயம் 17: முற்றத்துக்கு வந்த சோபா

சென்ற வாரம் கசூபாவை ஓட்டலின் துணி அறையில், மடித்த போர்வைகளின் மேல், காலணிகூடக் கழற்றாமல் தூங்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் அதிகம் தூங்கவில்லை. பத்து நாட்டு அதிகாரிகள் வந்து தங்கிய மாநாடு. நூற்று நாற்பது அறைகள், தினமும் இரண்டு தடவை விரிப்பு மாற்ற வேண்டும். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்ற பட்டம் சட்டையில் குத்தியிருந்ததே தவிர, ஆள் குறைந்த இடத்திலெல்லாம் அவளே குனிந்து மெத்தை விரித்தாள். பாதுகாப்பு என்று சொல்லிச் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை உள்ளே போனவள் வெள்ளிக்கிழமை மதியம்தான் வெளியே வந்தாள்.

வரும்போது மேனேஜர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வர வேண்டாம். பதினோரு வாரத்தில் இதுதான் முதல் முறை.

வீடு இருக்கும் சிலென்ஜே பக்கம் போகும் மினி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோழி அவள் கையைக் கொத்தியது. கொத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். போனைத் திருப்பித் தந்திருந்தார்கள், ஆனால் அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள்.

முதலில் வெந்நீரில் ஒரு குளியல். அப்புறம் புது மெத்தை. போன மாதம் வாங்கியது, அதில் அவள் படுத்த இரவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சனிக்கிழமை ஒன்பது மணி வரை எழுந்திருக்கப் போவதில்லை. கணவன் சிலேஷே எப்படியும் கால்பந்து பார்க்கப் போய்விடுவான். அவளும் மகள் லொம்பேயும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவித்த நிலக்கடலையை உரித்துத் தின்றபடி பேச வேண்டும்.

அந்தப் பேச்சுதான் முக்கியம். லொம்பேவுக்குப் பதினைந்து வயது. கப்வேயில் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். போன ஞாயிறு போனில் கூப்பிட்டு, "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம். வெள்ளிக்கிழமை லீவுக்கு வரேன்ல, அப்ப சொல்றேன். நீங்க வீட்ல இருப்பீங்கல்ல?" என்று கேட்டாள்.

"இருப்பேன்டி. சத்தியமா இருப்பேன்," என்றாள் கசூபா. ஐந்து நாளும் ஒவ்வொரு தலையணைக்கும் உறை மாட்டும்போது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. பரீட்சையில் தோற்றுவிட்டாளா? எவனாவது பையனா? வாத்தியார் எவனாவது? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தெரு முனையில் இறங்கி நடந்தாள். வீட்டு கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. உள்ளே மாமரத்தடியில் அவளுடைய பழுப்பு நிற சோபா கிடந்தது. அதன் பக்கத்தில் ஒற்றை நாற்காலிகள் இரண்டு, டீவி மேஜை, சுருட்டிய கம்பளம். கொஞ்சம் தள்ளிக் கட்டைகளைக் கூட்டி நெருப்பு மூட்டி, ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

லுசாகாவில் வளர்ந்த எவளுக்கும் அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கூடத்துச் சாமான் முற்றத்துக்கு வந்தால் அது சாவு வீடு. கூடம் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுவதற்கு, நெருப்பு ஆண்களுக்கு.

இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். ஒருத்தி கேட்டில் நிற்கிறாள். ஒருவன், அவள் கணவன் சிலேஷே, அதோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெருப்புப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கிறான். மிச்சம் இருப்பவள், இன்று பகல் பஸ்ஸில் கப்வே சாலையில் வந்திருக்க வேண்டியவள்.

கைப்பை எங்கே விழுந்தது என்று கசூபாவுக்குத் தெரியாது. மண்ணில் முட்டி போட்டு விழுந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ என் உசுரே. என்னை விட்டுட்டுப் போயிட்டியே. நான் வரதுக்குள்ள போயிட்டியே."

அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே இருந்த பெண்கள் மொத்தமாக ஒப்பாரி எடுத்தார்கள். இரண்டு பேர் ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கொண்டுபோனார்கள். இறந்தது யார் என்று அவள் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் இல்லை. அவர்களும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள்.

கூடத்து வாசலில் ஒரு பெண், பள்ளிச் சீருடைக்கு மேல் சித்தெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு, கழுவிய தட்டுகளை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"அம்மா," என்றாள் லொம்பே.

கசூபா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவிப் பார்த்தாள். தட்டுகள் கீழே விழுந்தன. அவள் அழுகை நிற்கவில்லை. ஆனால் இது வேறு அழுகை. சுற்றி நின்றவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கூடத்தின் நடுவில் அவளுடைய புது மெத்தை விரித்திருந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் முழுசாகப் பிரியவில்லை. அதன் மேல் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு எலினா சித்தி உட்கார்ந்திருந்தாள். சிலேஷேயின் சித்தப்பா கத்தோங்கோவின் மனைவி. சித்தப்பா புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். கசூபா அந்த மனிதரை வாழ்நாளில் நான்கு முறை பார்த்திருப்பாள். அதில் ஒரு முறை அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி அழுதா பாரு," என்றாள் சுவரோரம் இருந்த ஒரு கிழவி. "சொந்த மருமக மூணு பேரும் சேர்ந்து இப்படி அழல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள் முவாபே. சிலேஷேயின் அக்கா, ந்தோலாவிலிருந்து வந்திருப்பவள், குரலாலேயே நான்கு வீட்டை நடத்தக்கூடியவள். "நான் அப்பவே சொன்னேன்ல, என் தம்பி பொண்டாட்டி மனசு தங்கம்னு. அவளாத்தானே வீட்டைத் தரேன்னா."

கசூபா வாயைத் திறந்தாள். நாற்பது பேர் அவளையே பார்த்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சிலேஷேயைக் கொல்லைக் குழாயடியில் பிடித்தாள்.

"நானா தரேன்னேன்?"

"உன்னைப் பிடிக்க முடியல. போன் எடுக்கல."

"ஓட்டலுக்கு வந்து சொல்ல முடியலையா? வாசல்ல கேட்டா கூப்பிட்டு விடுவாங்க."

"கேட்டா நீ வேணாம்ப."

"அதனால கேக்கல."

"சித்தப்பா செத்துட்டார், கசூபா."

"எனக்கும் வருத்தந்தான். அவருக்கு மூணு பையனுங்க இருக்கானுங்க."

சிலேஷே தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதிரி பாகக் கடையில் வேலை. ஊரில் யாரிடமும் கோபிக்காதவன். அக்காவிடம் மறுத்துப் பேசியதே இல்லை. "மூத்தவன் வீட்ல தண்ணி இல்ல. அடுத்தவன் இருக்கறது வாடகை வீடு, வீட்டுக்காரர் விடமாட்டார். சின்னவன் பொண்டாட்டி முடியாதுன்னுட்டா."

"அவளைக் கேட்டிருக்காங்க பாருங்க," என்றாள் கசூபா.

நெருப்பில் கட்டை சரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

லொம்பே முட்டைக்கோஸ் கூடையோடு வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். "அம்மா, ஒரு ரெண்டு நிமிஷம்?"

"சொல்லும்மா," என்று கசூபா அவள் தோளில் கை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் சண்டை கிளம்பியது. கித்வேயிலிருந்து வந்த கிழவிகள் சுவரோரம் எங்களுக்குத்தான் என்கிறார்கள், மூத்த மருமகள் குழந்தையைக் கிடத்த இடம் இல்லை என்கிறாள், முவாபே எல்லாரையும் ஒரே மூச்சில் அதட்டுகிறாள். கசூபா எட்டிப் பார்த்தாள். வாசலிலேயே பாய்களைக் குவித்து வழியை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சூப்பர்வைசரின் கண் அதைத் தாங்குமா?

"இரு. இவங்களை ஒழுங்கா உக்கார வெச்சிட்டு வந்துடறேன்."

இங்கேதான் நான் கசூபாவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகப் போனாள். கிழவிகளை உள்ளறையில் வரிசையாக, குழந்தைக்காரிகளை ஜன்னலுக்கு எதிரில், இளையவர்களைச் சமையலறை வாசலில் என்று பிரித்தாள். இருக்கிற பதினெட்டு போர்வையை நாற்பது பேருக்குப் பங்கிட்டாள். அரை மணியில் கூடம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. கிழவிகள் அவளைக் கையெடுத்து வாழ்த்தினார்கள். முவாபேகூட ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் நின்றாள். அந்த ஒரு நிமிஷம் கசூபாவுக்கு இனித்தது, இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஐந்து நாள் ஓட்டலில் நன்றி என்று ஒருவரும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது முட்டைக்கோஸ் நறுக்கி வைத்திருந்தது. லொம்பே குழந்தைக்காரிகளுக்கு வெந்நீர் கொண்டுபோயிருந்தாள்.

எலினா சித்தி கசூபாவின் கையைப் பிடித்து மெத்தையில் தட்டிக் காட்டினாள். "மெத்துனு இருக்கும்மா. இருபத்தாறு வருஷம் அவரோட பாயிலதான் படுத்தேன்."

அந்த இரவு கசூபா பாயும் இல்லாமல் சமையலறைச் சிமெண்டில் படுத்தாள்.

சனிக்கிழமை விடியும்போது குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள், தாயும் மகளும் மட்டும். லொம்பே தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா, ஸ்கூல்ல..."

"ம். ஸ்கூல்ல?"

"எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல."

கசூபா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

லொம்பே உதட்டைக் கடித்தாள். சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. முன்வாசலில் லாரி ஹாரன் அடித்தது. "லொம்பே அம்மா," என்று முவாபே வீடு அதிரக் கூப்பிட்டாள். "ந்ஷிமாவுக்கு மாவு யார் போடறது? பத்து மணிக்குப் பிரேதத்தை எடுக்கணும், இன்னும் பானையே ஏறல."

"வரேன் அண்ணி. லொம்பே, அப்புறம். புதைச்சிட்டு வந்ததும் முதல் வேலை இதான். சரியா?"

"சரிம்மா."

பெரிய பானையில் சோள மாவைத் துடுப்பு போட்டுக் களியாகக் கிண்டும்போது பக்கத்து வீட்டு கிஃப்ட் அம்மா வந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். வந்ததும் வராததுமாகத் துடுப்பைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உன் பொண்ணு மூஞ்சியப் பார்த்தியா? நேத்துலேர்ந்து அது ஒரு மாதிரியா இருக்கு. என் வீடு காலியாக் கிடக்கு, இந்தா சாவி. ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு வா. பானையை நான் பாத்துக்கறேன்."

கசூபா சாவியைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். மாவு சரியாக இறுகிக்கொண்டிருந்தது, இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் கட்டி தட்டும். கிஃப்ட் அம்மாவின் ந்ஷிமாவைத் தெருவே அறியும், தண்ணீராய் ஓடும். நூற்றைம்பது பேர் சாப்பிட வேண்டும். அதில் குறை வந்தால் முவாபே ந்தோலா வரைக்கும் பேசுவாள்.

"புதைச்சிட்டு வந்ததும் போறேன் கிஃப்ட் அம்மா. இன்னிக்கு எங்க ஓடிப் போகப் போறா?"

கிஃப்ட் அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மயானத்துக்குப் போகும்போது கசூபா லாரியில் மற்ற பெண்களோடு நின்றாள். பாட்டுக்குக் குரல் கொடுத்தாள். முன்னால் முவாபேயின் மருமகன் ஓட்டிவந்த மினி பஸ். அதன் பின் கண்ணாடியில் லொம்பேயின் தலை தெரிந்தது. அத்தையின் தோளில் சாய்ந்திருந்தாள். முவாபே அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை, பிள்ளை தனியாக இல்லை என்று கசூபா நிம்மதிப்பட்டாள். பைத்தியக்காரி.

மண் தள்ளி, பூ வைத்து, ஜெபம் சொல்லி, வீடு திரும்பி எல்லாரும் கை கழுவிச் சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டரை. கசூபா லொம்பேயைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளறையில் இல்லை. சமையலறையில் இல்லை. அதற்குள் முற்றத்திலிருந்து ஆள் வந்தது. குடும்பக் கூட்டம், கசூபாவும் வர வேண்டுமாம்.

குடும்பத்தின் மூத்தவர் முஷோட்டா அவளுடைய சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சிலேஷே ஓர நாற்காலியில் இருந்தான். பெண்கள் கீழே பாயில். லொம்பே முவாபேயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பள்ளிப் பை மடியில் இருந்தது.

முஷோட்டா முதலில் கசூபாவுக்கு நன்றி சொன்னார். வீட்டைக் கொடுத்தவள், மனசார அழுதவள், கூட்டத்தை ஒரு குறையில்லாமல் நடத்தியவள் என்று நீளமாகச் சொன்னார். எலினா இந்த மாதக் கடைசி வரை இங்கேயே இருப்பாள் என்று அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். கசூபா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறோம் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. மகள் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு விஷயம்," என்றார் அவர். "பிள்ளை லொம்பே. அவ இன்னிக்கு முவாபேகூட ந்தோலாவுக்குப் போறா. அங்கயே படிப்பா. அப்பன் ஒத்துக்கிட்டான்."

கசூபா சிலேஷேயைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"என்ன பேசறீங்க?" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "நம்ம வழக்கத்துல பிள்ளை தாய் குலம். தாய்மாமனைக் கேக்காம ஒரு அத்தை எப்படிக் கூட்டிட்டுப் போவாங்க?"

"உன் அண்ணனுக்கு வியாழக்கிழமையே போன் போட்டாச்சு, லொம்பே அம்மா," என்றாள் முவாபே. அவள் குரலில் வெற்றி இல்லை. அதுதான் கசூபாவை அதிகம் எரித்தது. "அவர் சரின்னுட்டார். நீ வீட்ல தங்கறதே அபூர்வம், பிள்ளை எங்கயாவது ஒரு இடத்துல நிம்மதியா இருக்கட்டும்னார். நானா கூப்பிடல. அவளாத்தான் கேட்டா. ஆகஸ்ட் மாசத்துலேர்ந்து கேக்கறா. உங்கம்மாகிட்ட நீயே சொல்லிட்டு வா, அப்புறம் பாக்கலாம்னுதான் சொல்லி வெச்சிருந்தேன்."

"அவ என்கிட்ட எதுவும் சொல்லல."

லொம்பே பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி வெகு நேரமாவதற்குள் ந்தோலா சேர வேண்டும் என்று மருமகன் வண்டியைக் கிளப்பி நிறுத்தியிருந்தான். கசூபா மகளின் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தாம்மா வந்தேன்." லொம்பே அழவில்லை. அழுதிருந்தால் கசூபா தாங்கியிருப்பாள். "நேத்து வந்தேன். காலையில வந்தேன். சாப்பாட்டு நேரத்துல வந்தேன், நீங்க பானைக்குப் பக்கத்துல யாருக்கோ பரிமாறிட்டு இருந்தீங்க, என்னைப் பாக்கவே இல்ல."

"தப்புதான். தப்புதான்டி. இப்ப சொல்லு. அங்க என்ன நடந்துச்சு?"

"எனக்கு அங்க பிடிக்கலைங்கறது மட்டுந்தான் அத்தைக்குத் தெரியும். ஏன்னு தெரியாது. அதை யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு வெச்சிருந்தேன்."

"சொல்லு. நான் இருக்கேன்."

லொம்பே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படி நேராகப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"லொம்பே அம்மா," என்று வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "பெரிய பானைக்கு மூடி எங்க?"

"கொல்லையில, சுவத்தோரம்," என்றாள் கசூபா, கழுத்தைத் திருப்பி.

அவ்வளவுதான். ஒரு நொடிகூட இருக்காது. திரும்பிப் பார்த்தபோது லொம்பேயின் வாய் மூடியிருந்தது.

"போங்கம்மா," என்றாள் மெல்ல. "கூப்பிடறாங்க."

கையை விடுவித்துக்கொண்டு போய் அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கசூபா ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள். முவாபே அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துவிட்டாள். வண்டி கிளம்பி, தெரு முனையில் திரும்பி, பெரிய சாலைக்குப் போய்விட்டது.

கசூபா கேட்டில் நின்றாள். பின்னால் வீடு நிறைய ஜனம். அவளுடைய விடுப்பில் இன்னும் ஒரு நாள் முழுசாக மீதி இருந்தது.